புத்தகம் லேசில் எரியாது

மூடியிருக்கிற புத்தகம் லேசில் எரியாது. ஓரம் கருகும், அட்டை சுருளும், ஆனால் உள்ளே தாள் வெள்ளையாகவே இருக்கும். காற்று புக இடமில்லாமல் தாள்கள் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்ளும். எரித்தே ஆக வேண்டும் என்றால் அட்டையைப் பிய்த்து, முதுகுத் தையலைப் பிரித்து, ஐந்தைந்து தாளாகக் கசக்கிப் போட வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி. பெர்லினில் ஒரு சின்னக் கிளை நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், 2016. திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் எழுதிய 'ஃபாபியான்' நாவலை மேசைமேல் வைத்துவிட்டு, "இதுவாகவும் இருக்கலாம்" என்றார். எது, எதுவாக இருக்கலாம் என்று கேட்டேன். அப்போதுதான் கதை வந்தது.

1933 மே மாதம், ஹிட்லரின் நாஜிகள் ஆட்சிக்கு வந்த சில மாதத்தில், அவருக்கு மூன்று வயது. அப்பா தபால் துறையில் குமாஸ்தா. ஏப்ரல் 7ஆம் தேதிதான் அரசு ஊழியர் சட்டம் வந்திருந்தது. யூதர்களையும், அரசியல்ரீதியாக நம்பத்தகாதவர்கள் என்று கருதப்பட்டவர்களையும் வேலையைவிட்டு அனுப்ப அது வழி செய்தது. அப்பாவின் அலமாரியில் என்னென்ன இருக்கின்றன என்று யாராவது வந்து பார்த்தால் வேலை போகும். அம்மா பயந்துவிட்டார். அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, கூடத்தில் இருந்த ஓடு பதித்த கணப்பை மூட்டிப் புத்தகங்களை உள்ளே தள்ளினார். எரியவில்லை. இடுக்கியால் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். கடைசியில் கருகியும் கருகாமலும் கிடந்தவற்றை வெளியே இழுத்துப் போட்டு, சமையலறைக் கத்தியால் தையலை அறுத்து, தாள் தாளாக எரித்தார். மூன்று சாயங்காலம் ஆயிற்று. மே மாதத்தில் யார் கூடத்துக் கணப்பை மூட்டுவார்கள்? பக்கத்து வீட்டில் கேட்டால், குழந்தைக்குச் சளி, அறை சூடாக இருக்கட்டும் என்று மூட்டினேன் எனச் சொல்லத் தயாராக வைத்திருந்தாராம். சாம்பலை வாளியில் அள்ளி, இருட்டின பிறகு கீழ் முற்றத்தில் கொட்டினார்.

"அந்தச் சளிப் பிடித்த குழந்தை நான்தான்" என்றார் மூதாட்டி. "எனக்குச் சளியே இல்லை."

அப்பா வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியில் விழுந்த இடைவெளியில் அம்மா பீங்கான் தட்டுகளை அடுக்கினார். எரித்தது எந்தப் புத்தகங்கள் என்று அம்மா சாகும்வரை சொல்லவில்லை. அப்பா போரிலிருந்து திரும்பவில்லை. ஆகவே எண்பத்தாறு வயதில் இந்த அம்மாள் ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். அன்று நாஜிகள் எரிக்கச் சொன்ன ஆசிரியர்களின் பட்டியலை அகர வரிசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக வாசிப்பது. அப்பா எதை வாசித்திருப்பார் என்று வாசித்தே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பது. ஆஷ், பார்பூஸ், பிரெக்ட், டோப்ளின், ஃபொய்ஷ்ட்வாங்கர் எல்லாம் முடிந்து கெஸ்ட்னருக்கு வந்திருந்தார்.

அன்றிலிருந்து நானும் அந்தப் பட்டியலோடு கட்டுண்டுவிட்டேன். எங்கள் கிளையில் இல்லாதவற்றை மற்றக் கிளைகளிலிருந்து வரவழைத்துக் கொடுக்கிற வேலை என்னுடையதாயிற்று. அப்புறம் நானாகவே, பெர்லினில் புத்தகங்களைக் குவித்து எரித்த அந்த இரவைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1933 மே 10. இன்று பெபெல்பிளாட்ஸ் என்று அழைக்கப்படும் சதுக்கம் அப்போது ஓபெர்ன்பிளாட்ஸ். ஒரு பக்கம் இசைநாடக அரங்கு, இன்னொரு பக்கம் பழைய அரச நூலகம், மூலையில் புனித ஹெட்விக் பேராலயம், சாலைக்கு எதிரே பல்கலைக்கழகம். ஓர் ஊர் தன் அறிவையும் கலையையும் பக்தியையும் கொண்டுவந்து வைத்திருக்கிற இடம். அதன் நடுவில்தான் 20,000க்கும் மேற்பட்ட புத்தகங்களைக் குவித்தார்கள்.

அன்று மழை. நனைந்த விறகும் மூடிய புத்தகமும் எப்படிப் பிடிக்கும்? தீயணைப்புப் படையினர் பெட்ரோல் ஊற்றிக் கொடுத்தார்கள். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். மூதாட்டியின் அம்மா இடுக்கியோடு கணப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது. அங்கேயும் அதே பிரச்சினைதான் இருந்திருக்கிறது. அவருக்கு இருந்தது ஒரு கத்தி. இவர்களுக்குத் தீயை அணைக்க வந்தவர்களே துணை.

இதையெல்லாம் முன்னின்று நடத்தியவர்கள் மாணவர்கள். இதைத்தான் என்னால் இன்றுவரை செரித்துக்கொள்ள முடியவில்லை. எழுத்தறிவில்லாத கும்பலொன்று வந்து நூலகத்தைச் சூறையாடியது என்றுதான் சின்ன வயதில் நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அப்படி இல்லை. ஜெர்மன் மாணவர் ஒன்றியம் ஏப்ரல் 12ஆம் தேதி பன்னிரண்டு வாசகங்களைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்துச் சுவரொட்டியாக ஒட்டியது. முதலில் உன் அலமாரியைச் சுத்தம் செய், அப்புறம் தெரிந்தவர்களின் அலமாரியை, அதன்பின் பொது நூலகங்களை என்று மாணவர்களுக்கு முறை வைத்துச் சொல்லியிருந்தது. மே 6ஆம் தேதி காலை, மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனத்துக்கு உடற்கல்விக் கல்லூரி மாணவர்கள் பேண்டு வாத்தியத்தோடு போனார்கள். பேண்டு முழங்க ஒரு நூலகத்தை வாரிக்கொண்டு வந்தார்கள். அங்கே இருந்த அவருடைய மார்பளவுச் சிலையும் ஒரு கழியில் செருகப்பட்டு, நான்கு நாள் கழித்துத் தீக்கு முன்னால் ஊர்வலமாக வந்தது. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். தன் வாழ்நாள் உழைப்பு எரிவதைப் பாரிஸில் ஒரு திரையரங்கில், செய்திப் படத்தில் பார்த்தார்.

பேராசிரியர்களும் இருந்தார்கள். அன்று சாயங்காலம் ஆல்ஃபிரெட் பாய்ம்லர் என்ற புதிய பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் தன் முதல் விரிவுரையை ஆற்றினார். விரிவுரை முடிந்ததும் மாணவர்களோடு தீப்பந்த ஊர்வலத்துக்குக் கிளம்பினார்.

பட்டியல் போட்டவரோ எங்கள் தொழில்காரர். வொல்ஃப்காங் ஹெர்மன். நூலகர். இருபத்தொன்பது வயது.

இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெர்லினின் பொது நூலகங்களைத் 'தூய்மைப்படுத்த' இவர் தயாரித்த பட்டியல்களைத்தான் மாணவர்கள் வாங்கிக்கொண்டு போய்ப் புத்தகக் கடைகளிலும் வாடகை நூலகங்களிலும் நுழைந்தார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தால் தெரியும், செய்தவருக்குப் புத்தகம் தெரியும். கெஸ்ட்னர் பெயருக்கு எதிரே, 'எமில்' என்ற சிறுவர் நாவல் தவிர எல்லாம் என்று இருக்கிறது. டோப்ளின் பெயருக்கு எதிரே, 'வாலென்ஸ்டைன்' தவிர எல்லாம். வாசிக்காதவனால் இப்படி எழுத முடியாது. நல்ல நூலகர் ஒருவர் செய்கிற அதே நுணுக்கமான வேலை, அதே கவனம், அதே கைப்பழக்கம். 1932இல் இதே ஆள் ஹிட்லரின் புத்தகத்தைப் பற்றிக்கூட, அதில் சொந்தமான சிந்தனை இல்லை என்கிற மாதிரி எழுதியிருந்தார். பிற்பாடு கட்சிக்காரர்கள் அதைத் தோண்டி எடுத்து அவருக்குத் தொல்லை கொடுத்தார்கள். அதாவது நல்லது கெட்டது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே செய்தார்.

எங்கள் நூலகத்திலும் வருடத்துக்கு இரண்டு முறை புத்தகங்களைக் கழிப்போம். எல்லா நூலகங்களிலும் செய்வதுதான், இடம் வேண்டுமே. பல வருடங்களாக யாரும் எடுக்காதவை, தாள் உதிர்ந்தவை, காலாவதியான சட்டக் கையேடுகள், இப்படி ஒரு பட்டியலைக் கணினி தரும். நாங்கள் அலமாரியிலிருந்து இறக்கி, நூலக முத்திரைக்குக் குறுக்கே 'நீக்கப்பட்டது' என்று இன்னொரு முத்திரை குத்துவோம். ரப்பர் முத்திரை மைத்திண்டில் ஒட்டி விடுபடும்போது சின்னதாக 'ப்ச்' என்று ஒரு சத்தம் வரும். நூறு புத்தகத்துக்குமேல் போனால் கை தானாகவே ஓடும், கண் தலைப்பைப் பார்ப்பதை நிறுத்திவிடும். ஹெர்மனைப் பற்றிப் படித்த பிறகு என்னால் அப்படிக் குத்த முடியவில்லை. ஒவ்வொரு தலைப்பையும் வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் குத்துகிறேன். நேரமாகிறது என்று உடன் வேலை செய்கிறவர்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். இப்போது சிலர் அவர்களாகவே வாசிக்கிறார்கள்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன்.

ஒன்பது பேர் முறையாக முன்னால் வந்து, ஒன்பது முழக்கங்களைச் சொல்லிப் புத்தகங்களைத் தீயில் எறிந்தார்கள். எதற்கு எதிராக, எதற்கு ஆதரவாக, யாருடைய எழுத்தைத் தீக்குக் கொடுக்கிறேன் என்று ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். மார்க்ஸும் காவுட்ஸ்கியும் முதலில். சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு நான்காவது முழக்கம். போரை உள்ளபடி எழுதிய ரெமார்க்குக்கு ஏழாவது. கடைசியில் பத்திரிகை எழுத்தாளர்களான துஹோல்ஸ்கியும் ஒஸ்ஸியெட்ஸ்கியும். இதில் ஒஸ்ஸியெட்ஸ்கி பிப்ரவரி மாதக் கடைசியிலேயே கைதாகி உள்ளே இருந்தார். 1935ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. சித்திரவதையும் காசநோயும் தின்ற உடம்போடு 1938இல் இறந்தார். நள்ளிரவை ஒட்டிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் வந்து பேசினார். வானொலியில் ஒலிபரப்பினார்கள், படம் பிடித்தார்கள். பெர்லினில் மட்டும் இல்லை, இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக ஊர்களில் அதே இரவில் எரிந்தது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் மாடு பூட்டிய எரு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஹாம்பர்க், ஹைடல்பெர்க், கொலோன் போன்ற ஊர்களில் சில நாள் கழித்து நடந்தது.

கெஸ்ட்னர் அன்று கூட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். தன் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்டார். தன் புத்தகம் தீயில் விழுவதைப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு, "அதோ கெஸ்ட்னர் நிற்கிறாரே!" என்று கத்திவிட்டாள். ஆனாலும் ஒன்றும் நேரவில்லை, அவர் அங்கிருந்து நழுவிவிட்டார். இருபத்தைந்து வருடம் கழித்து, 1958இல் ஹாம்பர்க்கில் பேசும்போது அந்த இரவைச் சொன்னார். நான் அங்கே அலறவில்லை, முஷ்டியை உயர்த்தவில்லை, சட்டைப்பைக்குள் வைத்தே மூடிக்கொண்டேன் என்றார். எதிர்த்து நின்றேன் என்று கதை கட்டியிருக்கலாம், கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். அவர் உள்ளதைச் சொன்னார். எனக்கு அவர்மேல் இருக்கிற மரியாதையில் பாதி இந்த வார்த்தைகளால் வந்தது.

பட்டியலில் தப்பிய அந்த 'எமில்' புத்தகத்தை என் மகள் நான்காம் வகுப்பில் வாசித்தாள். பல்கலைக்கழக வாசலில் பழைய புத்தகம் விற்கிறவர்கள் மேசை போட்டிருப்பார்கள். அங்கேதான் வாங்கிக் கொடுத்தேன். சாலையைக் கடந்தால் எரித்த இடம். இங்கே வாங்கின புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தச் சதுக்கத்தில் பார்ப்பதற்கு எழுந்து நிற்கும் சிலையோ தூணோ கிடையாது. கருங்கல் பாவிய தரையில் ஒரு சதுரக் கண்ணாடி, அவ்வளவுதான். தெரியாதவர்கள் அதன்மேலேயே நடந்து போய்விடுவார்கள். குனிந்து பார்த்தால் கீழே ஐந்து மீட்டர் ஆழத்தில் வெள்ளை அறை. நான்கு சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை வெள்ளை அலமாரிகள். ஒரு புத்தகம்கூட இல்லை. எரிந்த 20,000 புத்தகங்களை வைக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம். மீகா உல்மன் என்கிற இஸ்ரேலியச் சிற்பி 1995இல் செய்தது. உள்ளே இறங்க வழியில்லை. பகலில் மேகமும் நம் முகமும்தான் கண்ணாடியில் முதலில் தெரியும். கைகளால் இரு பக்கமும் மறைத்துக்கொண்டு பார்த்தால்தான் அறை தெரியும். இருட்டின பிறகு கீழிருந்து வெளிச்சம் வரும், அப்போது தூரத்திலிருந்தே தெரிகிறது. பிற்பாடு இதைச் சுற்றி நிலத்தடியில் கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். அந்த வெள்ளைச் சுவருக்கு மறுபக்கம் கார்கள் நிற்கின்றன என்று நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

மகள் முட்டி போட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தாள். அவள் மூச்சுப் பட்டு ஒரு வட்டம் பனித்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "அம்மா, இதைக் காலியாக வைக்காமல் அந்தப் புத்தகங்களையே மறுபடி வாங்கி அடுக்கலாமே?" என்றாள்.

அப்படிச் செய்த ஒருவரும் இருந்தார். கியோர்க் சால்ஸ்மன். மியூனிக் பக்கத்தில் தன் வீட்டில், எரிக்கப்பட்ட ஆசிரியர்களின் புத்தகங்களை, முடிந்தவரை முதல் பதிப்பாகத் தேடித் தேடிச் சேர்த்தார். ஏறத்தாழ 12,000 புத்தகங்கள். 2009இல் அவுக்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகம் அந்தச் சேகரிப்பை வாங்கிக்கொண்டது. அதற்கும் வெகு முன்னால், எரித்த நாளின் முதலாண்டு நிறைவான 1934 மே 10இலேயே, நாட்டைவிட்டு ஓடிய எழுத்தாளர்கள் பாரிஸில் எரிக்கப்பட்ட புத்தகங்களுக்கென்றே ஒரு நூலகம் திறந்தார்கள். கையில் காசில்லாத அகதிகள் முதல் வருடத்திலேயே நூலகம் கட்டினார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கண்ணாடிக்குச் சற்றுத் தள்ளித் தரையில் ஒரு பலகையில் ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் வரிகள் பதித்திருக்கின்றன. அது ஒரு முன்னோட்டம்தான், புத்தகத்தை எரிக்கிற இடத்தில் கடைசியில் மனிதரையும் எரிப்பார்கள் என்று. எழுதியது நாஜிகளுக்கு நூறு வருடம் முன்னால். கிரனாடாவில் குர்ஆன் எரிக்கப்பட்டதைக் கேட்டு ஒரு முஸ்லிம் பாத்திரம் நாடகத்தில் பேசுகிற வரி அது. ஹைனே இதே சதுக்கத்துக்கு எதிரே இருக்கிற பல்கலைக்கழகத்தில்தான் படித்தார். அந்த வாசகத்தைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஃப்ராய்டின் சகோதரிகள் ஞாபகம் வரும். அவர் லண்டனுக்குத் தப்பிவிட்டார். வயதான நான்கு சகோதரிகள் வியன்னாவிலேயே தங்கிவிட்டார்கள். நால்வரும் நாஜி முகாம்களில் இறந்தார்கள்.

தமிழ் வாசிக்கிற எவருக்கும் நூலகமும் நெருப்பும் என்றால் 1981ஆம் வருட யாழ்ப்பாணம்தான் மனதில் வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் பெர்லினை வாசிக்க வாசிக்க ஒரு வித்தியாசம் என்னை உறுத்துகிறது. அங்கே இரவில் எரித்தார்கள், செய்தது நாங்கள்தான் என்று எரித்தவர்கள் முன்வந்து சொல்லவில்லை. இங்கே தேதி குறித்து, அறிவிப்புக் கொடுத்து, பெயர் சொல்லி, பாட்டுப் பாடி, ஊரைக் கூட்டி எரித்தார்கள். வெட்கம் என்பதே இல்லை. அந்த வெளிச்சம் யாருக்காக என்று யோசித்தால், சதுக்கத்தில் நின்றவர்களுக்காக மட்டும் இல்லை, அந்த அம்மாவுக்காகவும்தான். வானொலியைக் கேட்டுவிட்டு வீட்டில் கணப்பை மூட்டுகிறவர்களுக்காக. சதுக்கத்தில் எரிந்ததை எண்ணிவிட்டார்கள். கூடத்துக் கணப்புகளில் எரிந்ததை எண்ண வழியே இல்லை.

மூதாட்டி 2019 இலையுதிர் காலத்தில் துஹோல்ஸ்கிக்கு வந்திருந்தார். "கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு, இன்னும் ட்ஸ்வைக் என்ற பேரில் இருக்கிற ரெண்டு பேர்தான்" என்றார். அப்பா வாசித்தது எது என்று தெரிந்ததா என்று ஒருமுறை கேட்டேன். "இல்லை. ஆனால் அவர் எப்படிச் சிரித்திருப்பார் என்று சில பக்கங்களில் தெரிகிறது" என்றார். அர்னோல்ட் ட்ஸ்வைக் எழுதிய 'சார்ஜென்ட் கிரீஷா' நாவலுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போனார். அது வேறொரு கிளையிலிருந்து வந்து சேர்ந்தது. முதுகில் அவருடைய அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எழுதிய சீட்டைச் செருகி முன்பதிவு அலமாரியில் வைத்தேன். அவர் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பேரன் வந்து துஹோல்ஸ்கியைத் திருப்பிக் கொடுத்தார். பாட்டி போய்விட்டார் என்றார். புத்தகத்தில் முக்கால்வாசியில் ஒரு பேருந்துச் சீட்டு அடையாளமாகச் செருகியிருந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்டினேன். "உள்ளேயே இருக்கட்டுமே" என்றார். அப்படியே வைத்துவிட்டேன்.

முன்பதிவுக் கெடு முடிகிற நாளன்று 'கிரீஷா'வை எடுத்தேன். முதுகிலிருந்து அவர் சீட்டை உருவி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புத்தகத்தை என் அட்டையில் பதிந்து வீட்டுக்கு எடுத்துப் போனேன்.